ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்பு: சர்வீஸ் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதுமா?

"வாடகைக் கம்பெனி ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து சர்வீஸ் செய்கிறார். தேதி எழுதி ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போகிறார். அப்புறம் தினமும் காலையில் நாங்கள் ஏன் படிவம் நிரப்ப வேண்டும்?" சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங், செனோக்கோ பக்கம் உள்ள கிடங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் சோம்பலில் கேட்பதில்லை. யாருடைய பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பல இடங்களில் யாரும் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்வதில்லை.

ஃபோர்க்லிஃப்ட்டின் ஆபத்தான பாகங்கள் எல்லாம் மெல்லத் தேய்ந்து திடீரென்று கைவிடுபவை. நேற்று 2 டன் தூக்கியது என்பது இன்றும் தூக்கும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் அந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு "இதற்குமேல் பயன்படுத்தாதே" என்று அளந்து சொல்லக்கூடிய எல்லை உண்டு. அந்த எல்லை தெரிந்தவர் செய்வதுதான் சோதனை. தெரியாதவர் செய்வது வெறும் டிக் அடிப்பு.

## மூன்று வேலைகள், மூன்று பேர்

1. தினசரிச் சோதனை. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஓட்டுநர் செய்வது. வண்டியைச் சுற்றி நடந்து பார்ப்பது பாதி. இன்ஜினை அல்லது சுவிட்சை இயக்கி பிரேக், ஸ்டியரிங், மாஸ்ட் (பாரத்தை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டம்), ஹார்ன் எல்லாவற்றையும் வேலை செய்ய வைத்துப் பார்ப்பது மீதி. ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிடம் ஆகும்.

2. சர்வீஸ். ஆயில், ஃபில்டர், கிரீஸ், பிரேக் சரிசெய்தல் போன்றவை. பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

3. முழு ஆய்வு. ஃபோர்க் (பாரத்தைத் தாங்கும் இரண்டு எஃகுக் கவைகள்), செயின், மாஸ்ட், சேஸிஸ், ஸ்டியரிங் அச்சு ஆகியவற்றை அளந்து, விரிசல் தேடி, எழுத்தில் முடிவு சொல்வது. வருடத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். கடுமையாக உழைக்கும் வண்டிக்கு அதைவிட அடிக்கடி.

ஒன்றைச் செய்ததால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது. ஆயில் மாற்ற வந்த மெக்கானிக் செயினை அளந்திருப்பார் என்று நம்புவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. சர்வீஸ் தாளில் செயின் நீட்சி எத்தனை சதவீதம் என்று எண் எழுதியிருக்கிறதா, பாருங்கள். எண் இல்லாவிட்டால், அளந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வழியில்லை.

### நாள்காட்டி அல்ல, மணி மீட்டர்

டேஷ்போர்டில் உள்ள மணி மீட்டர்தான் வண்டியின் உண்மையான வயதைக் காட்டும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 250, 500, 1,000, 2,000 மணி நேரம் என்று சர்வீஸ் இடைவெளிகளைக் கொடுக்கிறார்கள். தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் 208 மணி நேரம். இரண்டு ஷிப்ட் ஓடினால் 416. அப்படியானால் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்" என்ற வாடகை ஒப்பந்தம், இரண்டு ஷிப்ட் கிடங்கில் 1,248 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிடுகிறது. ஒப்பந்தத்தில் "மூன்று மாதம் அல்லது இத்தனை மணி நேரம், எது முந்துகிறதோ அது" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே வரிதான், ஆனால் பெரிய வேறுபாடு.

## சட்டம் யாரைப் பிடிக்கும்?

சிங்கப்பூரில் 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் கட்டவில்லை. வேலையிடத்தில் உள்ள இயந்திரங்கள் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்வது முதலாளியின் கடமை. இயந்திரத்தைத் தயாரிப்பவருக்கும் விநியோகிப்பவருக்கும் தனிக் கடமை உண்டு. ஊழியருக்கும், தன்னையோ பிறரையோ ஆபத்தில் தள்ளாமல் நடந்துகொள்ளும் கடமை இருக்கிறது. ஆக, "வாடகை வண்டி, அவர்கள் பாடு" என்று கிடங்கு நடத்துபவர் கைகழுவ முடியாது. "கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்று வாடகைக் கம்பெனியும் நழுவ முடியாது.

மரணம், கடுமையான காயம் அல்லது ஆபத்தான நிகழ்வுக்கு இட்டுச்செல்லக்கூடிய துணை விதிமுறை மீறல்களுக்கான உச்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது. நடைமுறை வழிகாட்டியாக எஸ்எஸ் 573 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது. எதிர்ப்பளு வகை (முன்னால் தூக்கும் பாரத்தைப் பின்பக்க எடையால் சமன்செய்யும்) ஃபோர்க்லிஃப்ட்டுகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றியது அது. இவற்றோடு வண்டியின் சொந்தக் கையேடும் கிடங்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லைகளைவிடக் கண்டிப்பான எல்லையைக் கையேடு சொன்னால் அதுதான் செல்லும்.

## ஃபோர்க்: பத்து சதவீதம் போனால் இருபது சதவீதம் போச்சு

ஃபோர்க் முதலில் தேய்வது குதிகாலில், அதாவது செங்குத்துப் பகுதி வளைந்து கிடைமட்டமாகத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால். தரையில் உரசியபடி பேலட்டுக்குள் (சரக்கு அடுக்கும் பலகை) நுழைப்பதுதான் காரணம். பாரத்தின் முழு வளைவு விசையும் அதே இடத்தில்தான் விழுகிறது என்பதுதான் கவலை.

ஃபோர்க் ஆய்வுக்கான ஐஎஸ்ஓ 5057 தரநிலை சொல்லும் எல்லை: குதிகால் தடிமன் மூல அளவில் 90 சதவீதத்துக்குக் குறைந்தால் கழற்றிவிட வேண்டும். 40 மி.மீ. ஃபோர்க் 36 மி.மீ.க்குக் கீழே போனால் அதன் கதை முடிந்தது. 4 மி.மீ. தேய்வு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. பத்து சதவீதத் தேய்வு ஏறத்தாழ இருபது சதவீத வலிமையைத் தின்றுவிடுகிறது.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஃபோர்க் காலிப்பர் என்று ஒன்று கிடைக்கிறது. அதன் வெளித்தாடையைத் தேயாத செங்குத்துப் பகுதியில் சரியாகப் பொருத்திக்கொண்டு, உள்தாடையைக் குதிகாலில் வைத்துத் தள்ள வேண்டும். உள்தாடை பத்து சதவீதம் குறுகியது. அது தடையில்லாமல் குதிகாலைத் தாண்டிப் போனால் ஃபோர்க் கழிவு. தாண்டாமல் முட்டி நின்றால் இன்னும் இடம் இருக்கிறது.

மற்றவை:

1. நுனி உயர வேறுபாடு. இரண்டு ஃபோர்க் நுனிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வேறுபாடு ஃபோர்க் நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1,200 மி.மீ. ஃபோர்க்குக்கு 36 மி.மீ. தாண்டினால் ஒரு ஃபோர்க் வளைந்திருக்கிறது அல்லது அதன் கொக்கி தேய்ந்திருக்கிறது.
2. விரிசல். குதிகாலிலும், கேரேஜில் (மாஸ்ட்டில் ஏறி இறங்கும் சட்டம்) மாட்டும் மேல், கீழ்க் கொக்கிகளின் வெல்டிங் ஓரத்திலும் பாருங்கள். முழு ஆய்வில் சாயம் ஊற்றியோ காந்தத் துகள் தூவியோ தேட வேண்டும். அழுக்குப் படிந்த ஃபோர்க்கில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.
3. பூட்டுப் பின். ஃபோர்க் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது. தொலைந்த பின்னுக்குப் பதில் போல்ட்டோ கம்பியோ செருகியிருந்தால் வண்டி நிற்கட்டும்.
4. முத்திரை. பக்கவாட்டில் 1250 x 500 என்பதுபோல் பதித்திருக்கும். 500 மி.மீ. பாரமையத்தில் (ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து பாரத்தின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம்) அந்த ஒரு ஃபோர்க் 1,250 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டும் சேர்ந்து 2,500 கிலோ. 3 டன் வண்டியில் இந்த ஜோடியை மாட்டக் கூடாது.

தேய்ந்த குதிகாலில் வெல்டிங் வைத்துத் தடிமனாக்குவதை எந்தச் சூழலிலும் ஏற்காதீர்கள். ஃபோர்க் வெப்பப் பதம் செய்த எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். அளவு சரியாக இருக்கும், வலிமை இருக்காது. மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள்.

## செயின்: இரும்பு நீள்வதில்லை, ஓட்டை தேய்கிறது

மாஸ்ட்டில் ஓடுவது தட்டுச் செயின். தட்டுகளையும் அவற்றைக் கோக்கும் பின்களையும் கொண்டது. "செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். உண்மையில் பின்னும், தட்டில் பின் நுழையும் ஓட்டையும் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மயிரிழை. எல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. எனவே நீட்சியை அளப்பது என்பது, கண்ணால் பார்க்க முடியாத உள்தேய்வை அளப்பதுதான்.

எல்லை 3 சதவீதம். 15.875 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களின் இடைவெளி) கொண்ட செயினில் 20 பிட்ச் நீளம் புதிதாக இருக்கும்போது 317.5 மி.மீ. அதுவே 327 மி.மீ. ஆகிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். அளக்கும் முறை:

1. மாஸ்ட்டைச் சற்று உயர்த்தி, செயினில் இழுவிசை இருக்கும்படி செய்யுங்கள். தளர்ந்த செயினை அளந்தால் பொய்யான அளவு வரும்.
2. கப்பியின் மேல் அடிக்கடி ஏறி இறங்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நுனிப் பகுதி கப்பிக்கே போவதில்லை, அது புதிதாகவே இருக்கும். அதை அளந்து "செயின் நன்றாக இருக்கிறது" என்று எழுதிய தாள்கள் ஏராளம்.
3. ஒரு பின்னின் மையத்திலிருந்து இன்னொரு பின்னின் மையம் வரை அளந்து, இரண்டு செயின்களின் எண்ணையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் பாரம் ஒரே செயின்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது.

அளவோடு கண்ணும் வேண்டும். பின் தலைகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலோ வெளியே துருத்தியிருந்தாலோ, அந்த மூட்டு எண்ணெயில்லாமல் இறுகி, பின் தட்டுக்குள் சுழன்றிருக்கிறது. வளைந்த இடத்தில் நிமிர மறுக்கும் மூட்டும் அதே நோய்தான். மூட்டிலிருந்து செந்நிறத் தூள் கசிந்தால் துரு உள்ளே புகுந்துவிட்டது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நீட்சி 1 சதவீதம்தானே என்று விடாதீர்கள்.

நம் ஊர் ஈரப்பதம் செயினுக்கு எதிரி. துவாஸ், ஜூரோங் கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்கிறது. குளிர்பதனக் கிடங்கில் ஓடும் வண்டி இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே உள்ள அறையிலிருந்து லாரி ஏற்றும் தளத்துக்கு வெளியே வந்ததும், செயின் முழுக்க நீர் முத்துமுத்தாகப் படிகிறது. திரும்ப உள்ளே போனதும் உறைகிறது. ஒரு நாளில் பலமுறை இது நடக்கிறது. அந்த வண்டிகளுக்குக் குளிர்நிலைக்கான எண்ணெயும், நெருக்கமான செயின் ஆய்வும் வேண்டும்.

செயின்மேல் கிரீஸை அப்பிவிடுவது பரவலான பழக்கம். பார்க்கப் பராமரித்ததுபோல் இருக்கும். கெட்டியான கிரீஸ் தட்டுகளுக்கு இடையே நுழையாமல் வெளியே உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவிடுகிறது. தூசியையும் பிடிக்கிறது. வேண்டியது இன்ஜின் ஆயில் போன்ற ஒழுகும் எண்ணெய். பிரஷ்ஷால் தடவி, மாஸ்ட்டைச் சிலமுறை ஏற்றி இறக்கினால் மூட்டுக்குள் இறங்கும். உயரழுத்த நீரால் வண்டியைக் கழுவினால் உடனே செயினுக்கு எண்ணெய் போடுங்கள், இருந்த எண்ணெய் நீரோடு போயிருக்கும்.

மாற்றும்போது இரண்டு செயின்களையும், செயின் நுனியைப் பிடித்திருக்கும் நங்கூரப் பின்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய செயினில் கெட்ட துண்டை மட்டும் வெட்டிப் புது இணைப்பு போடுவது கூடவே கூடாது.

## ஹைட்ராலிக்: பாரம் தானாக இறங்குகிறதா?

மாஸ்ட்டை உயர்த்திப் பிடித்திருப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய். சீல் தேய்ந்தால் பாரம் மெல்லக் கீழே வழுக்கும். ஐஎஸ்ஓ 3691-1 தரநிலைப்படி, முழுப் பாரத்தோடு முதல் 10 நிமிடத்தில் இந்த வழுக்கல் 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சோதிக்க, ஆட்களை விலக்கிவிட்டு, எண்ணெய் சூடான பிறகு பாரத்தைத் தூக்கி நிறுத்தி, உள், வெளி மாஸ்ட்டுகளில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் கழித்து இடைவெளியை அளக்க வேண்டும். மாஸ்ட்டை முன்பின் சாய்க்கும் டில்ட் சிலிண்டரையும் இப்படியே பாருங்கள். மாஸ்ட் தானாக முன்னோக்கிச் சாய்ந்தால், மேல் ரேக்கில் வைக்கும் நேரத்தில் பேலட் நழுவும்.

ஹோஸ் விரிசல், உப்பல், இணைப்பில் ஈரம் இவையெல்லாம் தினசரிச் சோதனையில் தெரியக்கூடியவை. ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே திசு அழுகத் தொடங்கும், விரலையே இழக்க நேரிடலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கையில் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

## டயர், ஸ்டியரிங், பிரேக்

திட ரப்பர் டயரின் பக்கவாட்டில் தேய்வுக் கோடு இருக்கும். ரப்பர் அந்தக் கோட்டைத் தொட்டதும் மாற்ற வேண்டும். முன்சக்கரம் ஒன்று மட்டும் கூடுதலாகத் தேய்வது இன்னும் ஆபத்து. இரண்டு முன்சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் என்று கொண்டால், 10 மி.மீ. உயர வேறுபாடு 4.5 மீட்டர் உயரத்தில் பாரத்தை 45 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். தரையில் நிற்கும்போது அது தெரியவே தெரியாது.

பின்னால் இருக்கும் ஸ்டியரிங் அச்சு பலரும் மறக்கும் இடம். கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி), இணைப்புக் கம்பிகள் இரண்டுக்கும் கிரீஸ் போக வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாவிட்டால் எழுதி வையுங்கள். சக்கரம் மாற்றியிருந்தால், சில மணி நேரம் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கத் தவறாதீர்கள்.

பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தபடி நில்லுங்கள். பெடல் மெல்ல உள்ளே அமிழ்ந்துகொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரில் உள்கசிவு. எலெக்ட்ரிக் வண்டியில் இன்னொரு கண்ணி இருக்கிறது: காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால், ஓட்டுநர் வாரக்கணக்கில் பெடலைத் தொடாமலே ஓட்டுவார். மெக்கானிக்கல் பிரேக் துருப்பிடித்து இறுகியிருப்பது அவசரத்தில்தான் தெரியும். ஆகவே தினமும் காலையில் மெதுவான வேகத்தில் பெடலால் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

சீட் சுவிட்சைக் கம்பியால் இணைத்து ஏமாற்றியிருக்கும் வண்டியை ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் ஓட்டுநர் எழுந்தால் ஓட்டத்தையும் மாஸ்ட்டையும் நிறுத்துவது அந்த ஒரு சுவிட்சுதான்.

## பேட்டரி ஒரு பளுவும்கூட

48 வோல்ட் ஈயஅமில பேட்டரியில் 24 செல்கள் உண்டு. முழுச் சார்ஜில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.280 அளவில் காட்டும். 80 சதவீதம் தீர்ந்ததும் 1.140 பக்கம் வரும். அதற்குக் கீழே ஓட்டினால் பேட்டரி ஆயுள் வேகமாகக் குறையும். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். சார்ஜாகும்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றோட்டமும் கண் கழுவும் வசதியும் இல்லாத மூலையில் சார்ஜர் வைக்கக் கூடாது.

எலெக்ட்ரிக் வண்டியில் பேட்டரியும் எதிர்ப்பளுவின் ஒரு பகுதி. வண்டித் தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். இப்போது பலர் லித்தியத்துக்கு மாறுகிறார்கள். லித்தியம் பேட்டரி எடை குறைவு. குறைந்த எடையை இரும்புப் பளு வைத்து ஈடுகட்டாமல் மாற்றினால், தகட்டில் எழுதிய பாரத்தையே தூக்கினாலும் பின்சக்கரம் எழும்பும். இந்த மாற்றத்தைத் தயாரிப்பாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது.

## குறை தெரிந்தால் யார் நிறுத்துவது?

படிவத்தில் "செயின் துரு" என்று மூன்று வாரமாக எழுதிக்கொண்டே வண்டியும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் படிவம் ஓட்டுநரைக் காக்காது. கம்பெனிக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். குறைகளை முன்கூட்டியே மூன்றாகப் பிரித்து, படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.

1. உடனே நிறுத்து: பிரேக், ஸ்டியரிங், செயின், ஃபோர்க், ஹைட்ராலிக் கசிவு, சீட் பெல்ட், ஹார்ன்.
2. தேதி குறித்துச் சரிசெய்: கிழிந்த சீட், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று காட்டும் தகட்டில் எழுத்து மங்குவது போன்றவை.
3. கவனித்துக்கொண்டிரு: எல்லையை நெருங்கும் அளவுகள். உதாரணமாக, 2 சதவீத நீட்சி கண்ட செயின்.

முதல் வகையில் நிறுத்தும் அதிகாரம் ஓட்டுநருக்கே இருக்க வேண்டும், யாரிடமும் கேட்காமல். சாவியை எடுத்து, பெயரும் நேரமும் எழுதிய அட்டையை ஸ்டியரிங்கில் கட்டி, சாவியை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். சரக்கு ஏற்ற லாரி காத்திருக்கிறது என்பது சாவியைத் திரும்பக் கொடுக்கக் காரணம் ஆகாது. வற்புறுத்தினால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்ய ஸ்னாப்சேஃப் சேவை இருக்கிறது. படத்தோடு அனுப்பலாம்.

பழுது பார்க்கும்போது, உயர்த்திய மாஸ்ட்டுக்குக் கீழே ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. மாஸ்ட்டைக் கட்டையாலோ சங்கிலியாலோ தாங்கி நிறுத்திய பிறகே வேலை. முடிந்ததும் வெறும் ஃபோர்க்கோடு சிலமுறை முழு உயரம் ஏற்றி இறக்கி, பிறகு எடை தெரிந்த பாரத்தோடு தாழ்வான உயரத்தில் சோதித்து, பிரேக்கைத் திரும்பப் பார்த்து, மணி மீட்டர் எண்ணோடு பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையைக் கட்டியவர் முன்னிலையில்தான் அதைக் கழற்ற வேண்டும். அவர் ஷிப்ட் முடிந்து போயிருந்தால், என்ன பழுது, என்ன மாற்றினோம் என்பதை அடுத்த ஷிப்ட் ஓட்டுநருக்குக் காட்டி, அவர் கையெழுத்திட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.